தகட்டிடை நகரின் ஈடாள்

முற்பகல் பதினொன்றே காலுக்குத் தகட்டிடை நகரின் மின்னழுத்தமானியில் முள் மூன்று கோடு ஏறி நின்றது. நகரில் யாரோ இறந்திருந்தார்.

அழுத்தக் காவலர் உலகம்மை பதிவேட்டை இழுத்து நேரத்தைக் குறித்தாள். அந்நகரில் சாவுச் செய்தி சங்கொலியாகவோ ஒப்பாரியாகவோ வருவதில்லை. இறந்தவரின் வீட்டார் அறிவதற்கு முன்பே அது முள்ளின் நுனிக்கு வந்துவிடும். ஏறியது எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, எந்தத் தெரு, எந்த இல்லம் என்று தேடிக் கண்டு ஆள் அனுப்புவது அவள் பணி. ஏழாண்டுகளாகச் செய்துவந்தாள்.

நகரின் தலைக்குமேல் முப்பது முழ உயரத்தில் மேற்றகடு விரிந்திருந்தது. சல்லாத் துணி போன்ற உலோக வலை. அதன் வழியே வானம் சற்றே நரைத்துத் தெரியும். மண்ணுக்கடியில் கீழ்த்தகடு. கடற்கரைக் காற்றாலைகள் இரவெல்லாம் ஈட்டும் மின்னூட்டம் இவ்விரு தகடுகளிலும் வந்து ஏறும். விடியலில் தொடர்பைத் துண்டித்துவிடுவார்கள். ஏறிய ஊட்டம் போக வழியின்றிப் பகலெல்லாம் அங்கேயே நிற்கும். மாலையில் உள்நாட்டு ஆலைகள் அதைப் பருகித் தீர்க்கும். நகரமே ஒரு மின்தேக்கி.

மின்தேக்கி எவ்வளவு கொள்ளும் என்பது தகடுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நடுவே வெறுங்காற்று இருந்தால் கொள்வது சிறிது. கண்ணாடியும் அபிரகமும் இருந்தால் அதைவிடக் கூடும். உயிருள்ள உடல் இருந்தாலோ ஏட்டில் எழுதக் கூசும் அளவு பெருகும். உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றி எண்ணெய்ப் படலம்போல் ஒரு மெல்லிய தோல் உண்டு. மின்புலத்தின் நடுவே அவ்வுடல் நிற்கும்போது அத்தோலின் ஒருபுறம் நேர்மின்னும் மறுபுறம் எதிர்மின்னும் திரண்டு, ஒன்றையொன்று நோக்கியபடி கடக்க மாட்டாமல் நிற்கும். மின்னைத் தன்னூடே விடாமல் அதன் பாரத்தை மட்டும் தாங்கி நிற்பதுதான் மின்காப்புப் பொருளின் இயல்பு. அவ்வியல்பில் மனிதனை விஞ்சிய பொருளை எந்த ஆய்வகமும் சமைக்கவில்லை. உயிர் போய்விட்டால் அணுவின் தோல் தளர்ந்துவிடும். பிணம் என்பது உப்புநீர். அதற்குத் தாங்கும் வலு இல்லை.

ஆகவே தகடுகளுக்கு இடையே ஆறாயிரம் பேர் குடியிருந்தார்கள். வீடும் சோறும் விளக்கும் நகரத்தின் பொறுப்பு. அவர்கள் செய்ய வேண்டிய வேலை அங்கே இருப்பது ஒன்றே. பதிலுக்கு அவர்கள் கொடுத்தது என்ன என்று கேட்டால், மரப்பு என்று சொல்வார்கள். நரம்பின் அணுக்களுக்கும் தோல் உண்டல்லவா? புலம் அவற்றையும் பிடித்து நிறுத்தியது. வலியும் களிப்பும் ஏழு மடிப்புத் துணியில் வடிகட்டிய நீராய் வந்து சேர்ந்தன. அதற்காகவே தேடி வந்து குடியேறியவர்களும் உண்டு.

உலகம்மை தெருத் தெருவாகத் தேடுமுள்ளைத் திருப்பினாள். நான்காம் தெருவில் குறைவு தெரிந்தது. இல்லம் பதினேழு. எழுதி முடித்துக் கீழே கோடு இழுத்த பிறகுதான் அது தன் வீடு என்று அவளுக்கு உறைத்தது.

"எந்தத் தெரு?" என்றார் தலைமைப் பொறியாளர் ஞானதிரவியம், அடுத்த மேசையிலிருந்து.

"நாலாந்தெரு சார். பதினேழு."

முத்திரையை எடுத்தவர் கையை நிறுத்தினார். "அது உங்க வீடுல்லா?"

"ஆமா சார். நான் இங்க இருக்கேன். அப்ப அவுகதான்."

"ஓதுவாரா? நேத்துகூட கோயில்ல பாத்தேனே." சிறிது நேரம் முள்ளைப் பார்த்தார். "சாப்பிட்டாச்சா?"

"இல்ல சார். டிபன்பாக்ஸ்ல இருக்கு."

"சாப்பிட்டுட்டே போங்க. இனி வீட்டுல சமைக்க முடியாதுல்லா."

அது நியாயமாகத்தான் பட்டது. தயிர்ச்சோற்றையும் நார்த்தங்காயையும் உண்டாள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு வீட்டுக்கு நடந்தாள்.

அவள் கணவர் ஆவுடைநாயகம் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். நெற்றியில் நீறு கலையாமல் இருந்தது. பக்கத்தில் சுருதிப்பெட்டி அணைக்கப்படாமல் ஒரே சுரத்தில் முரன்றுகொண்டிருந்தது. உலகம்மை முதலில் அதை நிறுத்தினாள். பிறகு அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். எதிர்வீட்டாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, ஓதுவார் போயிட்டாரா?"

"ஆமா மயினி."

"நல்ல சாவுதான். சுவிச்ச அமத்தினாப்ல. எங்க வீட்டு அவுகளுக்கு நாலு நாளு இழுத்துச்சு. ஊதுவத்தி வச்சிருக்கியா?"

"இங்க பொருத்தக் கூடாதுல்லா."

"அட, மறந்துட்டேன் பாரு."

தகட்டிடையில் தீ விலக்கப்பட்ட பொருள். சுடர் தன்னைச் சுற்றியுள்ள காற்றை மின் கடத்தும்படி செய்துவிடும் என்பதால் கோயிலில்கூடத் தீபம் இல்லை, கருவறையில் ஒளிக்குமிழ்தான். இறந்தவரை வடக்கு வாயில் வழியே வெளியே கொண்டுபோய் எரித்துச் சாம்பலைக் கலயத்தில் இட்டுத் திருப்பித் தருவது நகரப் பணியாளர் வேலை. மறுநாள் விடியலில் கலயம் வீட்டுக்கு வந்தது. உலகம்மை அதை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்போதுதான் தான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது.

சென்ற ஆடியில் ஒருநாள் ஆவுடைநாயகம் கோயிலில் பாடிவிட்டு வந்து கைத்தாளத்தை மேசைமேல் போட்டார். வெளியூரில் அவர் பதிகம் எடுத்தால் தூணில் சாய்ந்து நிற்கும் முரடனும் மேல்துண்டால் முகத்தைத் துடைப்பான். மனைவிக்கு இங்கே வேலை கிடைத்ததால் உடன் வந்தவர் அவர்.

"இன்னைக்கும் எல்லாரும் அதேதான் சொன்னாக. 'சரியா இருந்துச்சு ஓதுவாரே.' ஏழு வருசமா சரியாத்தான் இருக்கு. நான் என்ன கூட்டல் கணக்கா போடுதேன்?"

"சரியா இருந்தா நல்லதுதான?"

"நான் செத்தா நீயும் அந்த முள்ளப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடுவ."

"பின்ன? அது என் வேலல்லா."

அவர் சிரித்தார். தகட்டிடையில் அதுவே பெரிய சிரிப்பு. "வேலதான், யாரு இல்லன்னா? ஒண்ணு மட்டும் செய். என் சாம்பலக் கரைக்கதுக்கு முன்னால ஒரு தடவ வெளிய போயி அழுதுட்டுக் கரை. பாட்டுக்குத்தான் ஒருத்தனும் அழல. பாடினவனுக்காவது ஒருத்தி அழட்டும்."

"சரி" என்றாள் உலகம்மை. பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தாள் அப்போது.

கொடுத்த வாக்கைக் காப்பது உணர்ச்சி சார்ந்தது அன்று. உணர்ச்சி இல்லாத இடத்தில்தான் வாக்குக்கு வேலை அதிகம். அவள் வெளிப்பயண விண்ணப்பத்தை எடுத்தாள். திருமணம், மருத்துவம், வழக்கு என்று காரணங்கள் அச்சிட்டிருந்தன. 'பிற' என்பதற்கு எதிரே 'அழுதல், மூன்று நாள்' என்று எழுதி ஞானதிரவியத்திடம் நீட்டினாள்.

அவர் இரண்டு முறை படித்தார். "இதுக்கு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

"வாக்குக் குடுத்துட்டேன் சார்."

"உள்ளயே அழுது பாத்தீங்களா?"

"பாத்தேன். வரல. வெங்காயம்கூட உரிச்சுப் பாத்தேன்."

"வெங்காயத்துக்குமா வரல?"

"கண்ணு எரிஞ்சுச்சு. அது வேற."

அவர் கையெழுத்திட்டார். "ஈடாள் கெடச்சா போங்க. விதி உங்களுக்குத் தெரியாததா, நீங்க எழுதினதுதான?"

ஆம், அவள் எழுதியதுதான். மூன்றாண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர்த் தேரோட்டம் பார்க்க முந்நூறு பேர் ஒரே காலையில் கிளம்பிப் போனார்கள். துண்டிக்கப்பட்ட தகடுகளில் ஏறிய ஊட்டம் அப்படியே நிற்க, தாங்கும் உடல்கள் மட்டும் குறைந்தால், எஞ்சியவற்றின்மீது அழுத்தம் ஏறும். எல்லை கடந்தபோது மேற்றகட்டிலிருந்து ஒரு பொறி இறங்கி இரண்டாம் தெருவைத் துளைத்தது. பதினொரு பேர் கருகினார்கள். அன்றுமுதல் ஒருவர் வெளியேற வேண்டுமானால் அவருக்கு ஈடான தாங்குதிறன் உள்ள இன்னொருவர் முதலில் உள்ளே வந்தாக வேண்டும். திரும்பி வருவோர் குறைவின்றித் திரும்பினால்தான் ஈடாள் வெளியேறலாம். 'ஈட்டுக்கு ஈடு' என்று அவள் எழுதிய வரி வாயிலில் பொறிக்கப்பட்டிருந்தது.

ஈடாளாக வந்தவள் பேச்சித்தாய் என்ற உப்பளத் தொழிலாளி. மெலிந்தவள். உப்பு அரித்த பாதங்கள். அவள் மூன்று நாள் உள்ளே இருந்தால் அவர்கள் பாத்தியின் நீரேற்றிக்கு மூன்று நாள் மின்சாரம் தருவதாகப் பேச்சு.

வாயில் காவலர் இசக்கியப்பன் உலகம்மையைத் தாங்குமானியில் நிறுத்தினார். தோளுக்கு இருபுறமும் இரு சிறு தகடுகள்; நடுவே மனிதர் நின்றால் எவ்வளவு தாங்குவார் என்று எண் காட்டும்.

"நூத்தி ரெண்டு. நீங்க எப்பவும் நூத்தி ரெண்டுதான் மேடம். வாம்மா, நீ வந்து நில்லு."

பேச்சித்தாய் நின்றாள். எண் நூற்று நாற்பதில் போய் நின்றது. இசக்கியப்பன் கருவியைத் தட்டினார். மறுபடி நிறுத்தினார். நூற்று நாற்பதுதான்.

"என்னம்மா இது, ஈர்க்குச்சி மாதிரி இருந்துக்கிட்டு ஒண்ணரை ஆளு பாரம் தாங்குத? காலையில என்ன சாப்பிட்ட?"

"கஞ்சிதாண்ணே."

"எங்களுக்கும் அந்தக் கஞ்சிய ஊத்தேன்."

பேச்சித்தாய் சிரிக்கவில்லை. உலகம்மையிடம் திரும்பினாள். "அக்கா, நீங்க மூணாம் நாளு சாயங்காலம் வந்துருவீங்கள்லா? நாலாம் நாளு எம்மவளுக்குப் பதினாறாம் நாள் காரியம். பாம்பு கடிச்சிருச்சு. உப்பு வாருத நேரம், பன்னெண்டு நாளாச்சு, நின்னு ஒரு சொட்டு அழக்கூட நேரமில்ல. அன்னைக்கு நான் அங்க இருக்கணும்."

"வந்துருவேன்" என்றாள் உலகம்மை. மூன்று நாளுக்குள் காக்க வேண்டிய இரண்டாவது வாக்கு.

கலயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லையைக் கடந்தாள். தகடுகளின் விளிம்பில் புலம் வளைந்து வெளியே பிதுங்கி நிற்கும். அது மின்காப்புப் பொருளை எப்போதும் உள்நோக்கியே இழுக்கும். வெளியே எடுக்க வலிந்து உருவ வேண்டும். இடுப்பளவு ஆற்றுநீரில் எதிர்நீச்சல் போடுவதுபோல் பத்தடி நடந்தாள். யாரோ சேலைத் தலைப்பைப் பற்றியிருப்பது போலிருந்தது. பதினோராம் அடியில் அது விட்டது.

மணற்கரை என்ற சிற்றூரில், கடலை ஒட்டிய சத்திரத்தில் தங்கினாள்.

முதல்நாள் ஒன்றும் நிகழவில்லை. அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். மின்தேக்கியின் ஊட்டத்தை இறக்கிவிட்டாலும் நடுவே இருந்த பொருள் தான் நின்ற கோலத்தை உடனே கலைத்துக்கொள்ளாது. மேலோட்டமாகத் திரும்பியவை முதலில் தளரும். ஆழத்தில் முறுக்கேறியவை தளர நாள் பிடிக்கும். கலயத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மேல் கால் போட்டு, பணிக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் நாள் குதிகாலில் வலித்தது. பார்த்தாள்; முள் தைத்துச் சீழ் வைத்திருந்தது. தைத்து ஒரு மாதமாவது இருக்கும். கருவாட்டு நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தினாள். சத்திரத்துக்காரி அதட்டலாகப் பேசியபோது முகம் சுருங்கியது. நண்பகலில், என்றோ எதிர்வீட்டாள் தன்னை மலடி என்று சொன்ன சொல் நேற்றுச் சொன்னதுபோல் வந்து சுட்டது. கணவரை நினைத்துப் பார்த்தாள். அவ்விடம் கல்லாகவே கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் கலயத்தோடு கடலோரம் போனாள். மாலை நான்கு மணிக்குள் வாயிலில் இருந்தாக வேண்டும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அழுகை வரவில்லை. அழாமல் கரைத்தால் வாக்குப் பொய்க்கும். காத்திருந்தால் பேச்சித்தாய்க்குக் கொடுத்தது பொய்க்கும்.

பத்து மணி அளவில் கரைமேல் இருந்த சிறு கோயிலின் ஒலிபெருக்கி இரைந்தது. யாரோ ஒருவர் பதிகம் பாடத் தொடங்கினார். நல்ல குரல், ஆனால் மூன்றாம் அடியில் சுருதி ஒரு மயிரிழை இறங்கியது. உலகம்மை தன்னையறியாமல் இடப்புறம் திரும்பினாள். கணவர் உச்சுக்கொட்டி, "எறங்குது, எறங்குது, பிடிடா அவன" என்று முணுமுணுப்பதைக் கேட்பதற்காக.

இடப்புறம் மணல் இருந்தது.

வாய் திறந்தது, ஒலி வரவில்லை. பிறகு வந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி வந்தது. சாவுக்கு மட்டும் அழவில்லை அவள். நாற்காலியில் கிடந்தவரின் எதிரே நின்று தண்ணீர் குடித்ததற்கு அழுதாள். தயிர்ச்சோறு தின்றதற்கு அழுதாள். ஏழாண்டு மாலைகளில் அவர் பாடியதற்கெல்லாம் 'சரியா இருந்துச்சு' என்று தானும் சொன்னதற்கு அழுதாள். வலைக்காரி ஒருத்தி வந்து பக்கத்தில் அமர்ந்து, யார் எவர் என்று கேளாமல், முதுகைத் தடவிக்கொடுத்தாள். வெயில் உச்சிக்கு வரும்வரை அது ஓயவில்லை. ஓய்ந்தபோது உடம்பு துவைத்துப் பிழிந்த துணியாய் இலகுவாக இருந்தது. இடுப்பளவு நீரில் இறங்கிச் சாம்பலைக் கரைத்தாள். கடல் வாங்கிக்கொண்டது.

மூன்றரைக்கே வாயிலுக்கு வந்துவிட்டாள். எல்லையில் உள்நோக்கி இழுக்கும் என்று கால்களை ஊன்றிக்கொண்டாள். இழுப்பு வரவில்லை. கோடைக் காற்றுப்போல் ஏதோ லேசாகப் பட்டது, அவ்வளவே.

தாங்குமானி அறுபத்தொன்று காட்டியது.

இசக்கியப்பன் அவளை இறக்கி மறுபடி ஏற்றினார். அறுபத்தொன்று. "மேடம், உடம்புக்கு ஏதாச்சும்...?"

"ஒண்ணுமில்ல. அழுதேன்."

"அழுததுக்கா நாப்பத்தொண்ணு கொறையும்?" அவர் பொறிக்கப்பட்ட விதியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஈட்டுக்கு ஈடுன்னு இருக்கே மேடம். நான் என்ன செய்ய? நீங்க எழுதினது."

தொலைபேசியில் அழைத்தார்கள். ஞானதிரவியம் கையில் தாள்களோடு உள்வாயிலின் கம்பிக்கு அப்புறம் வந்து நின்றார்.

"நூத்தி நாப்பதுன்னு சொன்னதும் பழைய பதிவெல்லாம் எடுத்துப் பாத்தேன் உலகம்மை. ஒவ்வொரு சாவுக்கும் முள்ளு ஏறுது. ஏறினது சாயங்காலத்துக்குள்ள கொஞ்சம் எறங்குது. நீங்களே எழுதியிருக்கீங்க, 'நிலைதிருத்தம், நிலைதிருத்தம்'னு, ஏழு வருசமா."

"கருவிக் கோளாறுன்னு நெனச்சோம்."

"கோளாறில்ல. செத்தவுக போன பள்ளத்த இருக்கவுக நெரப்பிக்கிட்டு இருந்திருக்காக. அழாத துக்கம் உடம்புல ஒவ்வொரு அணுவோட தோலையும் முறுக்கி வைக்குது. முறுக்கினது கூடுதலாத் தாங்கும். உங்களுக்கே தொண்ணூத்தெட்டுலருந்து நூத்தி ரெண்டு ஆனது ஓதுவார் போன அன்னைக்குத்தான், தெரியுமா? அந்தப் பொண்ணு வெளியவே பன்னெண்டு நாளு அழாம இருந்து, அதோட இங்க வந்துட்டா. நீங்க..." அவர் தேடிச் சொன்னார். "நீங்க முழுசா எறக்கிட்டீங்க."

"இசக்கி எப்பவும் நூத்தி ரெண்டும்பாரே?"

"அவரு என்னைக்குச் சரியாப் பாத்தாரு?"

"சரி சார். எப்பிடியும் போகட்டும். அவள விட்டுருங்க. நாளைக்கு அவ மகளுக்குப் பதினாறு. எனக்குப் பக்கத்துல இன்னொரு ஆளச் சேத்து அளந்துக்கிடுங்க."

"நாங்க பிடிச்சு வைக்கலையே." உண்மையாகவே அவர் குரலில் வியப்பு இருந்தது. "நேத்து ராத்திரி ஊட்டம் அவள நம்பிக் கூட்டியாச்சு, அது நெசந்தான். ஆனா அவ கேட்டா ஏதாச்சும் ஏற்பாடு செய்வோம். கூப்பிடுதேன், நீங்களே கேளுங்க."

பேச்சித்தாய் வந்தாள். நகரம் கொடுத்த புதுச்சேலை உடுத்தியிருந்தாள். பாதப் புண்ணுக்கு மருந்து போட்டிருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற உலகம்மையின் வீங்கிய முகத்தை, சுவரொட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"வந்துட்டீங்களாக்கா?"

"வந்துட்டேன் தாயி. நாளைக்கு உன் மக காரியம். நீ போகணும். ஆளு தேடிப் பிடிச்சு நிறுத்துதேன், நீ கெளம்பு."

பேச்சித்தாய் சற்று யோசித்தாள். எங்கோ வைத்த பொருளைத் தேடும் முகம். "ஆமா, நாளைக்குல்லா. எங்க வீட்டு ஆளு பாத்துக்கிடுவாருக்கா. யாராச்சும் ஒருத்தரு செஞ்சா சரிதான?"

"நீ அங்க இருக்கணும்னு சொன்னியே."

"சொன்னேன்." அவள் அதை மறுக்கவில்லை. "நெஞ்சுக்குள்ள ஒரு கல்லு கெடந்துச்சு. இங்க வந்ததும் அது கனக்கல. கெடக்கு, கனக்கலக்கா. நீங்க வெயில்ல நிக்காதீங்க." திரும்பி நடந்தாள். மூன்றாம் அடியில் அவள் நடை ஊர்க்காரர் நடையோடு ஒன்றிவிட்டது.

உலகம்மை கம்பியைப் பிடித்தபடியே அழுதாள். உள்ளே நின்ற ஞானதிரவியம் அவளைக் கவனித்துவிட்டுத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அவள் சத்திரத்துக்குத் திரும்பினாள். மறுநாள் உப்பளத்துக்குப் போனாள். பேச்சித்தாயின் கணவன் பாத்தியோரம் மகளுக்கு இலை போட்டான். நீரேற்றி இரைந்துகொண்டிருந்தது. "அவ எங்க?" என்று அவன் கேட்டான். உலகம்மை சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். இவளும் உடன் அழுதாள். அதற்குமேல் அவளால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. நாள்தோறும் வாயிலுக்குப் போய்ப் பேச்சித்தாயைக் கூப்பிடச் சொன்னாள். முதல் நான்கு நாள் அவள் வந்தாள். ஐந்தாம் நாளிலிருந்து அவளுக்குப் பதிலாக, 'என்ன விசயம்னு அந்தப் பொண்ணு கேக்கா' என்று இசக்கியப்பன் வந்து சொன்னார்.

ஆவுடைநாயகத்தின் பதினாறாம் நாள் காரியத்தைக் கடலோரம் முடித்துவிட்டு, பகல் பத்து மணிக்கு வாயிலுக்குப் போனாள். அன்று அங்கே ஒரு வரிசை நின்றது. முப்பது நாற்பது பேர் இருக்கலாம். வாயில் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தாள். 'அண்மையில் குடும்பத்தில் இழப்பு நேர்ந்தோர் குடியேற்றத்துக்கு வரவேற்கப்படுகின்றனர். தாங்குதிறன் நூற்று முப்பதுக்கு மேற்பட்டோர்க்கு உடனே இல்லம் வழங்கப்படும்.' அழக் கூடாது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அது எப்படியோ வாய்வழியாகப் பரவிவிட்டிருந்தது.

வரிசையில் யாரும் அழவில்லை. புதிதாக மழித்த தலைகள்; மஞ்சள் நீங்கிய கழுத்துகள். எல்லாரும் ததும்ப நிறைந்த பாத்திரத்தைத் தலையில் சுமப்பவர்போல் அசையாமல் நின்றார்கள். அவர்கள் நின்ற இடம் எல்லைக்கு இருபது அடி வெளியே; அங்கே புலம் எட்டாது.

வரிசையின் முன்பகுதியில் மழித்த தலையோடு ஒருவர், நாற்பது வயதிருக்கும், கீழுதடு நடுங்க நின்றார். அவர் தம்பி முழங்கையைப் பற்றியிருந்தான்.

"அண்ணே, கடலப் பாக்காத. அந்தத் தகட்டப் பாரு. மதினிய நெனைக்காத. வேற ஏதாச்சும் நெனை, பத்து வாய்ப்பாடு சொல்லு."

"முடியலடா."

"இன்னும் நாலே பேருதான். அளந்து முடிஞ்சிரட்டும். உள்ள வீடு குடுத்துருவாக, ஆற அமர ஒக்காந்து அழுதுக்கிடலாம்."

உலகம்மை அவர்களை நெருங்கினாள். "தம்பி, உள்ள போனா அழ வராது. நான் ஏழு வருசம் இருந்தவ. இப்பவே அவர அழ விடுங்க."

தம்பி அவள் கண்களைப் பார்த்தான். இமைகள் தடித்து, கன்னத்தில் உப்பு பூத்திருந்தது. அவன் அண்ணனின் முகத்தை மெல்ல மறுபுறம் திருப்பினான். மரியாதை குறையாமல்தான் சொன்னான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. உங்களப் பாத்தா இவருக்கும் வந்துரும்."

தாங்குமானிப் பக்கமிருந்து எண்ணை உரக்கப் படிக்கும் குரல் கேட்டது. வரிசை ஓரடி முன்னே நகர்ந்தது. மழித்த தலைக்காரர் வாய்க்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே தாமும் ஓரடி வைத்தார்.